கும்பிட்டுத் திருப்பித் தந்தார்கள்

அறிவுமதியிடம் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. தென்னூரில் அவள் வேலை பார்க்கிற அலுவலகத்தில் எந்த வெப்சைட்டைச் செய்து முடித்தாலும், அதை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஒரு தடவை கொண்டுபோய் வந்தால்தான் மனம் ஆறும். ஜங்ஷனில் ஏறி ஸ்ரீரங்கத்தில் இறங்குவதற்குள் நாலைந்து பேரிடமாவது போனை நீட்டிவிடுவாள். "அக்கா, இது எதுக்கான பக்கம்னு பார்த்துச் சொல்லுங்களேன். ரெண்டே நிமிஷம்" என்பாள். கொடுத்துவிட்டுத் திரைப் பக்கம் திரும்பவே மாட்டாள். போனைப் பிடித்திருப்பவரின் கண்ணைத்தான் பார்ப்பாள்.

கண் பொய் சொல்லாது என்பது அவள் கட்சி. வாய், "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிடும். நம் ஊரில் யாரும் யாருடைய உழைப்பையும் முகத்துக்கு நேரே குறை சொல்வதில்லை. ஆனால் கண் முதலில் எங்கே போய் இறங்கிற்று, அங்கிருந்து எங்கே தாவிற்று, எந்த இடத்தில் வழி தெரியாமல் முழித்தது, பெருவிரல் எப்போது அசைந்தது என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஒரு பக்கத்தைச் செய்வது என்றால், முன்பின் தெரியாத ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் அவருக்கு வேண்டிய இடத்தில் விடுவது. எழுத்தைப் பெரிதாக்குவதும், சுற்றிலும் வெற்றிடம் விடுவதும், நிறத்தை அடக்குவதும் அதற்காகத்தான். அழகெல்லாம் அவளுக்கு இரண்டாம்பட்சம்.

இத்தனை கெட்டிக்காரி ஒரே ஒரு பக்கத்தை மட்டும் பஸ்ஸில் ஏற்றாமல் விட்டாள். வினை அதில்தான் வந்தது.

ஸ்ரீரங்கம் கீழ உத்தர வீதியில் சக்ரபாணி என்று ஒருவர். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி செண்பகவல்லி புற்றுநோய் வந்து, திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் போராடிப் பிழைத்து வந்தார். வந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டு மாடியை இனிமேல் யாருக்கும் வாடகைக்கு விடக்கூடாது. ஆஸ்பத்திரிக்குள்ளே நோயாளிக்குக் கட்டில் இருக்கிறது. கூட வந்தவர்களுக்கு வராந்தாத் தரைதான். வெளியூரிலிருந்து வந்து வாரக்கணக்கில் நியூஸ்பேப்பரை விரித்துப் படுத்துக்கிடக்கிற அந்த ஜனங்களுக்கு மாடியைத் திறந்துவிட வேண்டும் என்றார். சக்ரபாணி மறுபேச்சுப் பேசவில்லை. பன்னிரண்டு கட்டில் வாங்கிப் போட்டார். ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம், குளிக்க வெந்நீர், இரவில் ரசஞ்சாதம். காசு கிடையாது.

அதற்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று வந்தபோது அவர் போட்ட நிபந்தனையும் ஒன்றுதான். திறந்தவுடன் ஸ்ரீரங்கம் கோயில் நம்பெருமாள் படமாகச் சேவை சாதிக்க வேண்டும். திரை முழுக்க. "அவர் போட்ட பிச்சையாலேதான் இவ பொழைச்சு வந்தா. அவர் முதல்லே, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். அறிவுமதி அப்படியே செய்தாள். கிரீடமும் மாலையுமாகப் பெருமாள் திரையை நிறைத்தார். விரலால் தள்ளினால் அடுத்து செண்பகவல்லி பிழைத்த கதை. அதற்கும் கீழே, மூன்றாம் திரையில், படுக்கை விவரமும், யாரும் வரலாம் என்ற வரியும், போன் நம்பரும். பக்கத்தைப் பார்த்ததும் சக்ரபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டவரே அழுதுவிட்டார், இனி என்ன சோதனை என்று அவள் பஸ் பக்கம் போகவில்லை.

இரண்டு மாதம் ஆயிற்று. கணக்கைப் பார்த்தால் அமர்க்களம். நாலாயிரம் தடவை பக்கம் திறக்கப்பட்டிருந்தது. வந்தவர்கள் சராசரியாக நாற்பது விநாடி நின்றிருந்தார்கள். பலர் தினமும் காலையில் திரும்ப வந்திருந்தார்கள். அலுவலக முதலாளி நவநீதன் இதை மற்ற வாடிக்கையாளர்களிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டார். ஆனால் சக்ரபாணியின் போனுக்கு வந்த அழைப்பு மூன்று. அதில் ஒருவர் கோயில் நடை எப்போது திறக்கும் என்று கேட்டவர்.

கார்த்திகை பிறந்த வாரம் செண்பகவல்லி அறிவுமதியைப் போனில் கூப்பிட்டார்.

"அறிவு, எங்க பையன் பிரஹலாத் பெங்களூருக்கு வந்துடுங்கோங்கறான். காலிக் கட்டிலுக்குக் காவல் இருக்கிறதுக்கா ரெண்டு கிழங்களும் அங்கே உக்காந்திருக்கேள்னு கேக்கறான். அவன் கேக்கறதும் நியாயம்தானே. கார்த்திகை முடிஞ்சதும் மாடியைப் பூட்டிண்டு கிளம்பறதுன்னு இவர் வாக்குக் குடுத்துட்டார்."

"மாமி, கொஞ்சம் பொறுங்க."

"உன் மேலே ஒரு குறையும் இல்லேம்மா. பக்கம் ரொம்ப லட்சணமா இருக்கு."

அந்த வார்த்தைதான் அவளைக் குத்தியது. குறை சொல்லித் திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பாள். லட்சணமாக இருக்கிறதாம். லட்சணமான பக்கத்தை வைத்துக்கொண்டு பன்னிரண்டு கட்டிலும் காலி. பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருக்கிற அவள் அப்பா அடிக்கடி சொல்வார், ஓடாத வண்டிக்குப் பெயிண்ட் அடித்து என்ன பிரயோஜனம் என்று. அறிவுமதிக்கு வெட்கமாக இருந்தது. நவநீதனிடம் சொன்னாள். "கஸ்டமருக்குப் பிடிச்சிருக்கு, வேலை முடிஞ்சிருச்சு, அடுத்ததைப் பாரும்மா" என்று அவர் கைகழுவிவிட்டார். அவள் விடுகிற ஜாதியில்லை. மறுநாள் சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பரில் ஏறினாள்.

முதலில் ஒரு பூக்காரம்மா. போனை வாங்கினார். கண் நேரே பெருமாள் முகத்தில் போய் இறங்கியது. இறங்கிய கண் அங்கேயே நின்றது. "ரெங்கா" என்றார். போனைத் தூக்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது எதுக்கான பக்கம்க்கா?"

"பெருமாள் பக்கந்தான். வேறென்ன."

அடுத்து ஒரு பேங்க் ஊழியர், அப்புறம் கல்லூரிப் பெண், அப்புறம் கண்டக்டர். எல்லோருக்கும் அதே கதை. பார்த்தார்கள், கும்பிட்டார்கள், திருப்பித் தந்தார்கள். ஒரு பெரியவர் போனைத் தொடவே மறுத்துவிட்டார். "கால்ல செருப்பு கெடக்கும்மா, சாமியைக் கையில வாங்கக் கூடாது" என்றார். ஒருவருடைய பெருவிரலும் திரையின் மேல் இறங்கவில்லை. கல்லூரிப் பெண்ணின் விரல் மட்டும் ஒரு கணம் கிளம்பியது. பெருமாளின் திருவடிக்கு மேலே வந்து, தயங்கி, பின்வாங்கிக்கொண்டது.

அறிவுமதிக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தைத் தள்ள வேண்டுமானால் பெருமாள் மேல் விரலை வைத்து அவரை மேலே தள்ளியாக வேண்டும். யார் தள்ளுவார்கள்? திருச்சியில் பிறந்த எந்தப் பெருவிரல் தள்ளும்? போதாக்குறைக்கு அந்தப் படத்தில் அவர் நேரே நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறார். படத்தில் இருப்பவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம்தான் பார்ப்பவர் கண்ணும் போகும். நம்மையே பார்த்தால் கண் எங்கே நகரும்? நாற்பது விநாடி நின்றவர்கள் எதையும் படிக்கவில்லை. சேவித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். தினமும் காலையில் திரும்ப வந்தவர்களும் அதற்குத்தான் வந்திருக்கிறார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார் என்று சொல்வார்கள். இங்கே பூசாரி பன்னிரண்டு கட்டிலை விரித்துப் போட்டுக் காத்திருக்கிறார். சாமிதான் வழியில் நிற்கிறார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இரண்டு நாள் ஒட்டுவேலை பார்த்தாள். பெருமாளைச் சற்றுச் சிறிதாக்கினாள். கீழே அம்புக்குறி போட்டாள். அம்புக்குறி ஆடுகிற மாதிரி செய்தாள். பஸ்ஸில் ஒருவர், "பெருமாள் காலடியில ஏதோ ஆடுது, அதை எடுத்துருங்க, நல்லாயில்ல" என்றார். ஒட்டுவேலை உதவாது என்று தெரிந்துபோயிற்று.

சனிக்கிழமை கீழ உத்தர வீதிக்குப் போனாள். சக்ரபாணி ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆக, பெருமாளை எடுத்துடணும்கறே."

"எடுக்க வேணாம் சார். கடைசிக்குக் கொண்டுபோயிடலாம். கோயில்லயும் அப்படித்தானே. ஏழு சுத்து தாண்டித்தானே அவரைப் பாக்கறோம். வாசல்லயேவா இருக்காரு?"

இந்த வாதத்தை அவள் பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தாள். அசைக்க முடியாத வாதம் என்று நினைத்திருந்தாள். கணக்கு வாத்தியார் ஒரு நிமிஷம் கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏழு சுத்துக்கு வெளியே நிக்கறவாளுக்கும் அவர்தானே கோபுரமா நிக்கறார். அதைப் பார்த்துத்தானே உள்ளே வரா. இதோ பாரும்மா. எட்டு மாசம் அவர் சன்னிதியிலே நின்னு கேட்டேன். இவளைக் குடு, உன்னை முன்னிட்டுண்டுதான் இனிமே எதையும் செய்வேன்னேன். குடுத்துட்டார். இப்ப நான் வாக்கு மாறினா என்ன மனுஷன்?"

நன்றியோடு யார் வழக்காட முடியும்? அறிவுமதி எழுந்துகொண்டாள். வாசல்வரை வந்த செண்பகவல்லி நடையில் நின்று குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"நான் சொன்னேன்னு அவர்ட்டே சொல்லாதே. அங்கே படுத்திருக்கறச்சே ஜன்னல் வழியா எனக்குத் தெரிஞ்சது அந்த வராந்தாதான். ஒருத்தி தலைக்கு வெறுங் கையை வச்சுண்டு தூங்குவா. அவ முகம் இன்னும் கண்ணிலேயே இருக்கு. அவளுக்காகத்தான் நான் கேட்டது." கொஞ்சம் நிறுத்தினார். "நீ வேற ஒண்ணு பண்ணி வை. படம் வேணும்னா என்னை எடுத்துக்கோ."

அறிவுமதி எடுத்துக்கொண்டாள். மாடியில் விரித்த கட்டில் ஓரத்தில் மாமி நின்றார். "கேமராவைப் பாக்காதீங்க மாமி. கீழே, வலது பக்கமாப் பாருங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை முழுதும் உட்கார்ந்து புதிய பக்கத்தைச் செய்தாள். அதில் நாலே வரி. எல்லாம் ஒரே திரைக்குள். மாமியின் பார்வை போகிற இடத்தில் ஒரு பச்சைப் பொத்தான். தொட்டால் சக்ரபாணிக்குப் போன் போகும். சுற்றிலும் வெள்ளை. அதை அவள் இன்னும் யாருக்கும் காட்டவில்லை. சக்ரபாணி சம்மதிக்காமல் மாற்றுவது திருட்டு என்று நினைத்தாள். அவரைச் சம்மதிக்க வைக்காமலும் விடுவதில்லை என்று உறுதியாக இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் அவள் பக்கத்து ஸீட்டில் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் துணிமூட்டை. பெயர் வீராயி, ஊர் ஜெயங்கொண்டம் பக்கம். புருஷனுக்குத் தொண்டையில் புற்று. ஆண்கள் வார்டில் சேர்த்திருக்கிறது, ராத்திரி பெண்கள் உள்ளே இருக்கக் கூடாது. அம்மா மண்டபத்துக்குப் போய்க் காவிரியில் குளித்துத் துணி அலசிக்கொண்டு வரலாம் என்று கிளம்பியிருக்கிறார். இதெல்லாம் மெயின்கார்டு கேட் வருவதற்குள் தெரிந்தது. அறிவுமதி வழக்கம்போலப் பழைய பக்கத்தைத் திறந்து போனை நீட்டினாள்.

வீராயி பார்த்ததும் சிரித்துவிட்டார். "இந்தப் பெருமாளா. எங்கிட்டயும் இருக்காரு பாப்பா."

"இருக்காருன்னா?"

"எம் மருமவன் வாட்சப்புல அனுப்பிச்சாரு. தொறந்தா சாமி வந்தாரு. தெனம் காலைல எந்திரிச்சதும் தொறந்து கும்புட்டுக்குவேன். கும்புட்டுட்டுத்தான் டீ வாங்கவே போவேன்."

"மருமவன் எதுக்கு அனுப்பினாருன்னு சொல்லலையாம்மா?"

"சொன்னாரு. அத்தை, இதப் பாருங்க, ஒங்களுக்கு ஒதவும்னாரு. சாமி ஒதவாம இருக்குமா."

"ராத்திரி எங்க படுக்கறீங்க?"

"வராந்தாவுலதான். இன்னியோட பதினோரு நா ஆச்சு."

பதினோரு நாளும் காலையில் இந்த அம்மா அவள் செய்த பக்கத்தைத் திறந்திருக்கிறார். கட்டில் இரண்டு விரல்தள்ளலுக்குக் கீழே கிடந்தது. நாலாயிரம் என்று நவநீதன் பெருமையடித்த கணக்கில் பதினொன்று இவருடையது. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. மாடியில் கட்டில் இருக்கிற விஷயத்தைச் சொல்லி, வீராயியின் மூட்டையை வாங்கிக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் இறங்கி, கீழ உத்தர வீதிக்கே கூட்டிப்போய்விட்டாள்.

சக்ரபாணி வாசலுக்கே வந்து, "வாங்கோம்மா, வாங்கோ" என்று அழைத்துப்போனார். செண்பகவல்லி காப்பி கொடுத்துக் கட்டிலைக் காட்டினார். வீராயி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மெத்தையைத் தடவிப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கீழே வந்து ஊஞ்சலில் உட்கார்ந்த சக்ரபாணியின் முகம் மலர்ந்திருந்தது.

"பார்த்தியா? நீ என்னமோ சொன்னே. அவ தினம் அவரைச் சேவிச்சா. அவரே அழைச்சுண்டு வந்துட்டார்."

"அவரு கூட்டிட்டு வரலை சார். நான் கூட்டிட்டு வந்தேன். மூட்டையைத் தூக்கிட்டு வந்தேன்." அவள் குரல் உயரவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லும் அழுத்தமாக விழுந்தது. "பதினோரு ராத்திரி தரையில படுத்திருக்காங்க. கட்டில் இருக்குன்னு அவங்க கையிலயே இருந்துச்சு. அது என் தப்பு. நான் செஞ்ச பக்கம். அதைத் திருத்தவிடாம இருக்கறது உங்க தப்பு."

ஊஞ்சல் நின்றது. அவரிடம் இப்படி யாரும் பேசியதில்லை. கோபிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவருக்குள் இருந்த கணக்கு வாத்தியார்தான் பதில் சொன்னார்.

"ஒருத்தியை வச்சுண்டு முடிவு கட்டப்படாது."

"சரி சார். நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு வாங்க. உங்க கையாலயே போனைக் குடுங்க. முதல்ல பழைய பக்கம். ஒரே ஒருத்தர் கீழே தள்ளிப் பார்த்து நம்பரைக் கண்டுபிடிச்சாலும் நான் இந்தப் பேச்சை விட்டுடறேன். ஆனா ஒரு கண்டிஷன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது. வீட்ல உக்காந்து பாக்கறவங்களுக்குப் பக்கத்துல நீங்க இருக்க மாட்டீங்கல்ல. அதோட, திரையைப் பாக்காதீங்க. அவங்க கண்ணைப் பாருங்க."

"வரேன்" என்றார் சக்ரபாணி. அவரும் பிடிவாதக்காரர்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்தார். நெற்றியில் திருமண் துலங்க, பஞ்சகச்சத்தோடு, தோளில் ஒரு துணிப்பையோடு வந்தார். வராந்தா முழுக்க மனிதர்கள். சிலர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சிலர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார்கள். மனைவி உள்ளே கிடந்த எட்டு மாதமும் தினம் இந்த வழியாகத்தான் நடந்திருக்கிறார். அப்போது அவர் கண் வார்டு கதவைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

முதலாவது ஆள் அரியலூர்க்காரர். போனை வாங்கினார், பெருமாளைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், திருப்பிக் கொடுத்தார். சக்ரபாணியைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டார். இரண்டாவது ஒரு பெண். கண்ணை மூடி முணுமுணுத்துவிட்டு, "எங்கம்மாவுக்குச் சரியாயிரணும் சாமி" என்று போனிடமே சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். சக்ரபாணியின் உதடு துடித்தது. 'கீழே பாரும்மா' என்ற வார்த்தை தொண்டைவரை வந்திருக்க வேண்டும். அறிவுமதி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அடக்கிக்கொண்டார்.

மூன்றாவதாக, தூணோரம் பிளாஸ்டிக் விரிப்பில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த தாடி, கட்டம் போட்ட கைலி. நஸ்ருல்லா என்று பெயர் சொன்னார். கோட்டைப்பட்டினத்திலிருந்து மகளின் வைத்தியத்துக்காக வந்திருக்கிறார். போனை இரண்டு கையாலும் வாங்கினார். பெருமாளைப் பார்த்தார். கண் படத்தில் ஒரு விநாடிதான் நின்றது. அங்கிருந்து நிமிர்ந்து சக்ரபாணியின் திருமண்ணுக்கு வந்தது. பிறகு கீழே தாழ்ந்துவிட்டது.

"கோயில் காரியம் போலங்க. நல்லதுங்க ஐயா. நான் முஸ்லிமுங்க. வேற யார்கிட்டயாச்சும் குடுங்க" என்றார். மரியாதை குறையாமல் போனைத் திருப்பித் தந்தார்.

சக்ரபாணி திரையைப் பார்க்கவில்லை. அவள் சொன்னபடி கண்ணைத்தான் பார்த்திருந்தார். அந்தக் கண் தாழ்ந்ததைப் பார்த்துவிட்டார். யாரும் வரலாம் என்று மூன்றாம் திரையில் அவரே எழுதிக் கொடுத்த வரி இருந்தது. மனதார எழுதிய வரி. யாரையும் வரக்கூடாது என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் இப்படி ஒருவர் தன் வாசலில் வந்து நிற்பார் என்றும் அவர் நினைத்துப் பார்த்ததில்லை. இரண்டுக்கும் எத்தனை தூரம் என்று அந்தத் தூணோரத்தில் நின்றபோதுதான் தெரிந்தது. அவருக்கு முகம் சிவந்து, காது மடல் சூடாயிற்று. வெட்கம்தான்.

அறிவுமதி போனை வாங்கிப் புதிய பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைப் படிக்காமலே மறுபடி நஸ்ருல்லாவிடம் நீட்டினார்.

நஸ்ருல்லாவின் கண் முதலில் பெரிய எழுத்தில் நின்றது. 'ஆஸ்பத்திரியில் உங்கள் ஆள் இருக்கிறாரா? இரவில் நீங்கள் படுக்க எங்களிடம் கட்டில் இருக்கிறது. காசு வேண்டாம். யாரும் வரலாம்.' உதடு அசையப் படித்தார். அங்கிருந்து கண் செண்பகவல்லியின் முகத்துக்குப் போயிற்று. அவர் பார்வை போன திசையிலேயே கீழே வந்து பச்சைப் பொத்தானில் நின்றது. மறுபடி மேலே போய்க் கடைசி வரியை இன்னொரு முறை படித்தார். பெருவிரல் இறங்கியது.

துணிப்பைக்குள் சக்ரபாணியின் போன் அடித்தது. எடுத்தார். திரையில் 'அறிவுமதி வெப்சைட்' என்று வந்தது. நஸ்ருல்லா போனைக் காதில் வைத்துக்கொண்டு, தெரியாதவரிடம் உதவி கேட்கிற மனிதருக்கே உரிய கூச்சத்தோடு தூண் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

"ஹலோ... அஸ்ஸலாமு... வணக்கங்க. படுக்க எடம் இருக்குன்னு போட்டிருக்குங்க. யாரும் வரலாம்னு போட்டிருக்கு. நாங்க முஸ்லிமுங்க. வரலாங்களா?"

மூன்று அடி தூரம்தான். தோளைத் தொட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டவர் போனில் கேட்டிருக்கிறார். சக்ரபாணி போனிலேயே பதில் சொன்னார்.

"வரலாம். தாராளமா வாங்கோ. கட்டில் இருக்கு. சைவச் சாப்பாடுதான், அது பரவாயில்லேன்னா ராத்திரிக்கு அதுவும் இருக்கு."

இரண்டு காதிலும் ஒரே குரல் கேட்டு நஸ்ருல்லா திரும்பினார். காதில் போனோடு நிற்கிற சக்ரபாணியைப் பார்த்தார். அவருக்குப் புரிய சிறிது நேரம் பிடித்தது.

"எத்தனை நாளா இங்கே படுத்துண்டிருக்கேள்?" என்று சக்ரபாணி கேட்டார், போனைக் காதிலிருந்து எடுக்க மறந்திருந்தார்.

"பத்தொம்போது நாளுங்க ஐயா."

சக்ரபாணி வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாக நடந்தார். பாய், விரிப்பு, மூட்டை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணிக்கொண்டே போனார். நாற்பத்தொன்று. திரும்பி வந்து அறிவுமதியின் முன்னால் நின்றார்.

"பழசை எடுத்துடு. இப்பவே. பெருமாள்ட்டே நான் சொல்லிக்கறேன்."

அவள் படியில் உட்கார்ந்து பையிலிருந்த லேப்டாப்பைத் திறந்தாள். கண்ணில் நீர் முட்டி எழுத்து மங்கியது. துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். அவளுடைய போன் இன்னும் நஸ்ருல்லாவிடம்தான் இருந்தது. அவர் அதைப் பக்கத்து விரிப்பில் இருந்த அரியலூர்க்காரரிடம் காட்டி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சக்ரபாணி மகனைக் கூப்பிட்டார். பெங்களூரில் அப்போதுதான் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பிரஹலாத், டிக்கெட் எந்தத் தேதிக்குப் போடட்டும் என்று கேட்டான்.

"டிக்கெட் வேண்டாம். நாங்க வரலை. கட்டில் காணாதுடா, கீழ்க்கூடத்தையும் ஒழிச்சாகணும். வாக்குக் குடுத்தேன்தான், வாஸ்தவம். அதை மீறறேன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்." மகன் ஏதோ பதறிப் பேச ஆரம்பித்தான். சக்ரபாணி போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார்.

"அப்புறம் பேசலாம். இன்னொரு கால் வர்றதுடா, வை."